உறைபனி விழாத இடம்

மாலை ஆறு மணி. ஆறுதான்... ஆனால் ஜூலை மாதம், நம் தென்கோடியின் நடுக்குளிர்காலம், மாஸ்பர்ன் ஊருக்கு அப்பால். கும்மிருட்டு. சரளைக்கல் சாலையில் ஒரே ஒரு வண்டி. அந்த ஹீட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பு, சொல்கிறேன்.

ஓட்டி வந்தவள் ஷோனா. என்னோடு ஆட்டுக் கம்பளி கத்தரித்த கீத் இருந்தானே, அவனுடைய அத்தை மகள். கால்நடை டாக்டர். சினை ஆடுகளைத் தாக்கும் தொற்றுநோய்களை ஆராய்வதுதான் அவள் வேலை. அன்றைக்கு எரிச்சலில் வெந்துகொண்டிருந்தாள். மர்டோவின் பண்ணையில் ஆடுகள் மாதம் நிறையும் முன்பே செத்த குட்டிகளாகப் போடுகின்றன. நஞ்சுக்கொடி, ஈரல் என்று மூன்று முறை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாள். மூன்று முறையும் ஒரே பதில். கிருமி எதுவும் இல்லை.

இல்லாத கிருமிக்கு எந்த மருந்தைப் போடுவது?

மர்டோ கொட்டகை வாசலில் நின்றான்.

"வாங்க டாக்டரம்மா. இன்னிக்கு என்ன இல்லைன்னு சொல்ல வந்திருக்கீங்க?"

"முதல்ல நைரியை டவுனுக்கு அனுப்புங்க. எத்தனை வாட்டி சொல்றது?"

நைரி அவன் மனைவி. எட்டு மாதம். ஆட்டின் கருவைக் கலைக்கும் கிருமிகளில் சில, மனுஷியையும் விடாது. ஷோனா பயந்தது அதற்குத்தான்.

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? என்ன நோய்னு பேரைச் சொன்னாத்தான் போவாளாம். பேரில்லாத நோய்க்கு எதுக்கு வீட்டை விட்டு ஓடணும்கிறா."

ஷோனா பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சோடு புல்வெளியில் இறங்கினாள். அன்று காலை குட்டி போட்ட ஆட்டைப் பார்க்க வேண்டும். காலையிலேயே ஒரு முறை வந்து அவள் எடுத்துப்போன செத்த குட்டி வண்டியில், அவளுடைய ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால்...

ம்ம்ம்... ம்ம்ம்...

அடித்தொண்டையில் ஒரு முனகல். பிறந்த குட்டியை நக்கும்போது மட்டும் தாய் ஆடு போடும் சத்தம் அது. நமக்கெல்லாம் தெரியுமே.

அந்த ஆடு குனிந்து வெறும் தரையை நக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புல் மேல் உறைபனி, உப்பைக் கொட்டியது போல. அந்த இடத்தில் மட்டும் இல்லை. முழங்கை நீளத்துக்கு... ஷோனா கையுறையோடு தொட்டாள். வெதுவெதுப்பு. புளித்த பால் வாடை.

மடியைப் பிடித்துப் பார்த்தாள். காலையில் பால் கட்டி இறுகியிருந்த மடி தொளதொளவென்று கிடந்தது. காம்பில் நுரை. இப்போதுதான் யாரோ குடித்து வாயை எடுத்த மாதிரி.

வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். ஷோனாவுக்குக் கோபம்தான் வந்தது. இதுவாவது என்னவென்று தெரியட்டும் என்று பஞ்சுக் குச்சியால் அந்த நுரையைத் தொட்டு எடுத்து, குழாயில் போட்டு மூடினாள்.

வீட்டுக்குள் நைரி அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். கை வயிற்றில். முகம் வெளுத்திருந்தது.

"பகலெல்லாம் உதைச்சுக்கிட்டே இருக்கான். இருட்டினா அசையறதில்லை ஷோனா. வயிறே லேசாயிடுது... உள்ள யாருமே இல்லாத மாதிரி. விடியறப்பதான் மறுபடி..."

ஷோனா அதற்கு மேல் கேட்கவில்லை. அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி, நேராக இன்வர்கார்கில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். பிரசவம் வரை டவுனிலேயே இருக்க ஏற்பாடு செய்தாள்.

அன்றோடு பண்ணையில் குட்டிகள் சாவது நின்றது.

"என்ன மருந்து போட்டீங்க டாக்டரம்மா?" என்றான் மர்டோ.

அவள் எந்த மருந்தையும் போடவில்லை.

ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. "நுரையில கிருமி இல்லைங்க. வெறும் மனுஷ எச்சில். மாதிரி எடுக்கிறப்ப முகமூடி போட மாட்டீங்களா?"

போட்டிருந்தாள். தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். ஆய்வகத்துக்காரன் நம்பவில்லை. குழாயை அப்போதே குப்பையில் போட்டுவிட்டானாம். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்று வரை ஆறவில்லை.

ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று ஆண் குழந்தை. ஷோனாவுக்கு அன்றுதான் மூச்சே வந்தது. பார்க்கப் போனவளை மருத்துவச்சி வாசலிலேயே மடக்கினாள்.

"ஆட்டுப் பட்டியிலேர்ந்து அப்படியே பிரசவ அறைக்குள்ள வந்தது யாரு? நீங்களா, அவரா?"

யாருமே வரவில்லை. ஷோனா இப்போதுதான் வருகிறாள். மர்டோவோ சாலையைப் பனி மூடியதால் இன்னும் மாஸ்பர்னிலேயே நிற்கிறான்.

"அப்ப இது எங்கேர்ந்து வந்தது?" என்று மருத்துவச்சி ஒரு தட்டை நீட்டினாள்.

வெளியே வரும்போதே குழந்தை கைகளை இறுக மூடியிருந்ததாம். அவள்தான் விரல் விரலாகப் பிரித்திருக்கிறாள்.

இரண்டு கையிலும்... ஈரமாக... பிடி பிடியாக ஆட்டுக் கம்பளி.