கூடுதல் மெமரி

மிக்சி ரிப்பேர் ஆனால் நானே பிரித்துச் சரி செய்துவிடுவேன் சார். லேப்டாப்பும் அப்படித்தான். அடியில் ஒரு சின்ன மூடி, ஒரே ஒரு ஸ்க்ரூ.

என் வீட்டுக்காரர் தம்பிதுரை திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பார்த்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான் அசையும். அதை வைத்து லேப்டாப்பில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார். வெள்ளைக்காரன் தமிழ் பேசுவது போல அது படித்துச் சொல்லும். மெமரி பத்தாமல் இரண்டு சொல்லிலேயே நின்றுவிடும். "தண்ணி" என்பார். "சாந்தாமணி" என்பார். எனக்கு அது போதும். ஆனாலும் மனுசன் ஆசைப்படுகிறாரே என்று நான்தான் காந்திபுரத்திலிருந்து மெக்கானிக் பிரான்சிஸை வரவழைத்தேன். அவர் பழைய மெமரியை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இனி எவ்வளவு வேணும்னாலும் பேசலாமுங்க" என்றார் பிரான்சிஸ்.

அன்றைக்கு வெள்ளகோவிலிலிருந்து இவருடைய அக்கா பூவாத்தாள் வந்திருந்தார். முதல் முழுப்பேச்சு அவரிடம்தான்.

"அக்கா, சாந்தாமணி ரொம்ப இளைச்சுப் போயிட்டா. என்னைய உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார், தெரியும். இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனசு விட்டுப்போயிற்று.

பூவாத்தாள் கார் கொண்டு வருவதாகச் சொன்ன அன்று காலையில் மெமரியைக் கழற்றிவிட்டேன். லேப்டாப் பீப் பீப் என்று கத்தியதோடு சரி.

"ரிப்பேருங்க நங்கையா. இங்கயே இருந்துக்கறேன்னு நேத்தே சொல்லிப்போட்டாருங்க" என்று வந்து நின்ற நாத்தனாரிடம் சொன்னேன். இவர் விரல் போர்வையில் தட்டிக்கொண்டே இருந்தது. "போயிட்டு வாங்கன்னு சொல்றாருங்க" என்றேன். பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை. குளிப்பாட்டினேன், கரைத்து ஊட்டினேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆடியில் காய்ச்சல் வந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்தார். "எங்க வலிக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க அம்மணி" என்றார். விரல் வேகமாகத் தட்டியது. "வலி ஒண்ணும் இல்லீங்களாமா" என்றேன். காய்ச்சலுக்கு மட்டும் மருந்து எழுதினார். குடல்வால் வெடித்து மறுநாளே இவர் போய்ச் சேர்ந்தார்.

மெமரி பீரோவில் சேலைகளுக்கு நடுவில்தான் இருந்தது. டாக்டர் கை கழுவிவிட்டு வருவதற்குள் மாட்டியிருக்கலாம். யோசிக்காமல் இல்லை சார். ஆனால் பேச்சு வந்திருந்தால், வலியைப் பற்றி மட்டுமா சொல்லியிருப்பார்?