வராத பிள்ளை

"ஹலோ… ஹலோ சார்… ஆமா, தலைமையாசிரியைதான் பேசறேன்… ஆமா, ஆமா, வந்துருச்சு. கணக்கு டீச்சரை வேற ஸ்கூலுக்கு மாத்தின ஆர்டர்… அதுக்குத்தான் சார் மதியத்துலேருந்து உங்களைப் பிடிக்கப் பாக்கறேன்…"

மறுமுனையில் வட்டாரக் கல்வி அலுவலர். போனின் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. சார்ஜரில் இருந்தால்தான் பேச்சு. ஒயரோ ஒரு முழம். நடக்காமல் பேசத் தெரியாத தலைமையாசிரியை, முளையில் கட்டின ஆடு மாதிரி மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அல்லாடிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் கணக்கு டீச்சர் அலமாரியைக் காலி செய்யும் சத்தம் கேட்டது.

"விதி தெரியும் சார்… அறுபத்தொரு பிள்ளைங்கன்னா மூணு டீச்சர், ஒண்ணு குறைஞ்சாலும் ரெண்டு… காலையில எல்லாரையும் வாசல்ல நிக்க வச்சு போட்டோ எடுத்து துறையோட ஆப்புல ஏத்தினோம், ஒரு தலை குறைஞ்சுது, மதியமே ஆர்டர் வந்துருச்சு. கூரை ஒழுகுதுன்னு எழுதிப் போட்டு மூணு மழைக்காலம் போயிருச்சு, அதுக்கு ஒரு பதிலைக் காணோம்… சரி சார், சரி, அதை விடுங்க…

"அந்த ஒருத்தியைப் பத்தித்தான் சொல்ல வரேன்… லீவெல்லாம் இல்ல… உங்க எதிர்லதான் சார் இருக்கா… ஆமா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே மண்டபத்துல. பேச்சுப் போட்டிக்கு… ஸ்கூலுக்கு ஒரு பிள்ளை கட்டாயம் வரணும்னு சொன்னது உங்க ஆபீஸ்தானே. தலை எண்ணுறதையும் அதே நாள்ல வச்சது… இல்ல சார், குத்தம் சொல்லல. போட்டோ எடுத்துட்டு அனுப்பியிருக்கணும், என் புத்தி மந்தம். பஸ் போயிருமேன்னு முதல்ல கிளப்பி விட்டுட்டேன்…

"உங்க மண்டபத்துல அவ பேரு பதிவாயிருக்குமே சார், அதைப் பாத்து… ஆப்பு ஒத்துக்காதா… வாசல்ல நின்னாத்தான் பிள்ளையா…"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கைவிரித்தது, பூசாரியும் கைவிரித்தார்.

"ரெண்டு டீச்சர்ல ஒருத்தி நான். பாதி நாள் இப்படி போன்லயே போகுது. அப்ப அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஆளு… மேல எழுதுங்க சார், விதியையே மாத்தச் சொல்லுங்க. தலையை எண்ணி டீச்சர் குடுக்காதீங்க, வகுப்பை எண்ணிக் குடுங்கன்னு… ம்… ம்… அடுத்த வருஷமா… அதுக்குள்ள இதுங்க கூட்டலையே மறந்துரும் சார்…

"என்ன சத்தம்?… மேடையில யாரு?… ரெட்டைப் பின்னல், முன்பல் ஒண்ணு இல்ல… அவதான் சார்! வாயாடின்னு கூப்பிடுவோம். வச்சிராதீங்க, ஒரு நிமிஷம் கேக்கறேன்…"

'நம் பள்ளி, நம் பெருமை.' பேச்சை எழுதிக் கொடுத்தவர் தலைமையாசிரியைதான். இருக்கிற பெருமை கால் பக்கத்துக்கு மேல் தேறாததால் மிச்சத்தைக் கல்வித் துறையின் புகழைப் போட்டு நிரப்பியிருந்தார். காதில் கேட்கக் கேட்க அவர் உதடும் கூடவே முணுமுணுத்தது. சட்டென்று நின்றது. அடுத்த வரி அது இல்லை.

"ஐயோ… இது நான் எழுதினது இல்ல சார்… சத்தியமா… மதியம் கூட வந்திருக்கற அவ அப்பாவுக்கு போன் போட்டேன், பிள்ளையை உங்ககிட்ட கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லி. அவர் இவகிட்ட ஆர்டர் விஷயத்தைச் சொல்லியிருப்பாரு… ஆமா, கூரை ஒழுகறது நிஜந்தான்… ஒழுகினா அஞ்சு வகுப்பும் ஒரே ரூம்ல, அதுவும் நிஜம்… பின்னம் புரியாம அவ அழுததும் கணக்கு டீச்சர் சாப்பிடாம உக்காந்து சொல்லிக் குடுத்ததும்… அதையுமா சொல்றா…"

அடுத்த அறையில் அலமாரிச் சத்தம் நின்றிருந்தது. கணக்கு டீச்சர் வாசற்படியில் வந்து நின்றார், கையில் பாதி கட்டின பையோடு.

"கை தட்டறாங்களா சார்… கேக்குது, கேக்குது… என்ன?… அவகிட்ட போனைக் குடுப்பீங்களா… அவ பேச்சை நான் சொல்லி நிறுத்தணுமா…"

தலைமையாசிரியை நடையை நிறுத்தினார். கணக்கு டீச்சரின் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"அவ இன்னைக்கு ஸ்கூலுக்கே வரலையே சார். வராத பிள்ளையை நான் எப்படி நிறுத்தறது?"

சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினார்.