ஏழாவது பொத்தான்

"ஏழு வெச்சாத்தாம்மா பொட்டி முழுசாவும், இல்லாங்காட்டி..."

"ஆறு போதும்ங்கறேன், ஏழாவது எதுக்குன்னு நீங்க இன்னும்..."

"வேணாம்னு சொல்றதுக்கும்மா. தண்ணிக்கு ஒண்ணு, பசிக்கு ஒண்ணு வெக்கிறீங்க. வேணாம்னு சொல்ல ஒண்ணு வேணாமா?"

"எதையும் அழுத்தலேன்னா வேணாம்னு அர்த்தம். அதுக்குப் போயி தனியா ஒரு பொத்தானு, ஒரு ஒயரா?"

இப்படித்தான் ஆரம்பித்தது, நூர்முகம்மது மாமா. சிதம்பரம் மேலவீதியில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பொன்னுரங்கமும் நானும் அவர் கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து போட்ட சண்டை. அவர் சம்சாரம் சௌந்தரம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "பேச முடியாத பொண்ணுக்குப் பொட்டி செய்றேன்னு ரெண்டு பேரும் வாய் ஓயாம பேசறீங்களே, உங்களுக்கு யாரு பொட்டி செய்யறது?" என்றாள்.

நீங்கள் பள்ளிவாசல் முத்தவல்லி என்ற முறையில் வந்திருக்கிறீர்கள். கேட்பது ஒரே கேள்விதான்: நிக்காவுக்குச் சர்புன்னிசா சம்மதித்தாளா, இல்லையா? சம்மதிக்கவில்லை என்றால் அந்த நிக்கா செல்லாது, அவள் குறிஞ்சிப்பாடிக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம். சம்மதித்தாள் என்றால் ஜும்மா முடிந்ததும் என் தம்பி கிபாயத்துல்லா வந்து அவளை அழைத்துப் போய்விடுவான். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு விளங்காது. இஸ்மாயில் வீட்டு மருமகள் அஜீசுன்னிசா சொன்னது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

சர்பு என் வீட்டுக்காரரின் தங்கை. சின்ன வயதில் அவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்து, கழுத்தில் ஓட்டை போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். உயிர் வந்தது, குரல் போய்விட்டது. நம் பெண்பிள்ளைகளுக்கு ஓதத்தானே சொல்லிக் கொடுக்கிறோம், எழுத யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கண்ணுக்கு எதிரே இருந்தால் கையால் காட்டுவாள், தலையை ஆட்டுவாள். மாடி அறையில் இருந்தால் டம்ளரைத் தரையில் தட்டுவாள். கீழே அது யாருக்கும் கேட்காது. ஒரு தடவை காய்ச்சலில் விழுந்து, மத்தியானம் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள் கீழே பூந்தி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று வாங்கி வந்தார். அறுபத்தாறில். இவ்வளவு சின்னப் பெட்டி ஊரையே கூப்பிடுகிறதே, ஒரு பெண் குரலுக்கு இதில் இடம் இருக்காதா என்று எனக்குத் தோன்றியது. பொன்னுரங்கத்திடம் கேட்டேன். செய்யலாம் என்றார். உள்ளே ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர். பொத்தானுக்குப் பொத்தான் சத்தம் மாறும். ஒன்று குயில் மாதிரி, ஒன்று விசில் மாதிரி. உள்ளே இருக்கிற வேலை அவருடையது, வெளியே இருப்பது என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. அதுவே வெட்கக்கேடுதான்.

நான் தையல்காரி, மாமா. ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி அவள் கைக்கு அளவெடுத்தேன். பெட்டி சோப்பு டப்பா அளவு. அதை உள்ளங்கையில் பிடித்தால் மற்ற விரலெல்லாம் பிடிக்கத்தான் சரியாக இருக்கும், அழுத்தக் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். கட்டைவிரல் நேர்கோட்டில் போகாது, அரிவாள் மாதிரி வளைந்துதான் போகும். அவள் விரலில் மருதாணியைத் தடவி அட்டையில் உருட்டச் சொன்னேன். விரல் எட்டுகிற இடம் அத்தனையும் சிவப்பாக விழுந்தது. அந்தச் சிவப்புக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். ரொம்ப நெருக்கி வைத்தால் ஒன்றை அழுத்தும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கத்தும். தள்ளி வைத்தால் விரல் எட்டாது. அடிக்கடி வேண்டியது விரல் தானாக விழுகிற இடத்தில் இருக்க வேண்டும். இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தினுசுச் சட்டைப் பொத்தான் வைத்தேன். தண்ணிக்கு வழவழப்பானது, பசிக்கு நாலு கண் உள்ளது, வலிக்கு முத்துப் பொத்தான். மற்ற மூன்றும் 'வாங்க', 'வாசல்ல ஆள்', 'சரி'. ஆறு. அட்டையில் அச்சாக உட்கார்ந்தது. ஏழாவது வைத்தால் எல்லாவற்றையும் நெருக்க வேண்டும், அழகு கெட்டுவிடும். நான் அன்றைக்குச் சொன்ன காரணம் அதுதான். அன்றைக்கு அது உண்மையும்கூட.

பொன்னுரங்கம் கேட்கவில்லை. நான் கடலூருக்கு, வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவரே பெட்டியின் விளிம்பில் ஒரு துளை போட்டு ஏழாவதை வைத்துவிட்டார். கோட்டுப் பொத்தான், கறுப்பு. தவளை மாதிரி அடிக்குரலில் ஒரு சத்தம்.

சர்பு அந்தப் பெட்டியை வாங்கியதும் என்ன செய்தாள் தெரியுமா? தண்ணி கேட்கவில்லை, பசி என்று சொல்லவில்லை. கஞ்சி கொண்டு போனேன், தவளை கத்தியது. தலைக்கு எண்ணெய் வைக்கப் போனேன், தவளை. அவள் அண்ணன் வந்து "என்னம்மா, அண்ணனையும் வேணாமா?" என்றார். தவளை. வீடே சிரித்தது. என் மாமியார் சைனம்பு, "இத்தினி வருஷத்து வேணாமெல்லாம் சேத்து வெச்சிருந்தா போல, இப்ப கொட்டறா" என்றார். நானும்தான் சிரித்தேன். நான் கெட்டவளாகவே பிறந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடியில் கைலி வியாபாரம். தொழிலில் கெட்டிக்காரன். என்னை லாத்தா என்று கூப்பிடும்போது இன்னும் சின்னப்பிள்ளைக் குரல்தான். அவனுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் மனைவி ஜமீலா ஏழாம் மாதத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மௌத்தானாள். ஊருக்கு அப்படித்தான் சொன்னோம். அதற்கு முன் அவள் ரெண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து முதுகைக் காட்டினாள். நான் தைலம் கொடுத்து, பொறுத்துப் போ என்றேன். அந்தத் தைலத்தைத் தேய்த்துவிட்டது சர்பு.

ஜமீலா எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்திலும் சொல்லியிருக்கிறாள். அதனால் அவள் போன பிறகு யாரும் தம்பிக்குப் பெண் கொடுக்கவில்லை. கம்மாபுரம் வரைக்கும் கேட்டுப் பார்த்தோம். எங்கள் உம்மா அழுவார். "அவளுக்கு வாய் ஜாஸ்தி, அதான் எம்புள்ள பேரு கெட்டுப்போச்சி" என்பார். கிபாயத்து ஒருநாள் வந்து, சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "எனக்கு யாரு லாத்தா இருக்காங்க?" என்றான்.

அவனுக்கு எப்படிப்பட்ட பெண் பொருந்தும் என்று நான் யோசித்தேன். கைக்கு அளவெடுத்தது போலத்தான் யோசித்தேன். அடக்கமான பெண். அக்கம்பக்கத்தில் போய் எதையும் சொல்லாத பெண். சர்புவுக்கும் எப்படி மாப்பிள்ளை கிடைக்கப் போகிறான்? ரெண்டு பேருக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கேட்டுச் சொல்கிற பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். மாடிக்குப் போய்ச் சொன்னேன். அவள் கறுப்புப் பொத்தானில் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. கீழேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "என்னா வேணாங்கறா?"

"மோர் வேணாங்கறா மாமி" என்றேன்.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். "இதோ பாரு சர்பு, இப்ப நீ அழுத்தறதெல்லாம் கணக்கே இல்ல. உங்கண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு, இப்ப வேணாம்னா அவருக்குத்தான் தலைகுனிவு. நிக்கா அன்னிக்கு பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கற வக்கீலு வந்து மூணு தடவ கேப்பாரு. அப்ப பெரியவங்க காதுபட அழுத்திடு. அதுதான் செல்லும். அதுவரைக்கும் உம்மாவ வீணா கலங்க வெக்காத." அவள் என்னை நம்பினாள். சரி என்கிற பொத்தானை அழுத்தினாள். கீழே போய், வெட்கப்பட்டுத் தலைகுனிந்தாள் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் தம்பிக்கு வாக்கே கொடுத்தார். அந்தச் சரி சத்தத்தை மாமியாரும் கேட்டிருந்தார்.

நிக்கா அன்றைக்கு வக்கீலாக வந்து திரைக்கு வெளியே நின்றவர் நீங்கள். கூட ரெண்டு சாட்சிகள். உள்ளே தலையில் முக்காடு போட்டு அவள், பக்கத்தில் நான். நீங்கள் கேட்டீர்கள். உள்ளே சத்தம் இல்லை. மறுபடி கேட்டீர்கள். சத்தம் இல்லை. மூன்றாவது முறையும் இல்லை. "புள்ள வெக்கப்படுது, கன்னிப்பொண்ணு மௌனமா இருந்தா சம்மதம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. எத்தனை வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. என் நிக்காவிலும் நான் வாய் திறக்கவில்லை.

அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். என் மாமியார் நோன்பு மாதத்தில் குறிஞ்சிப்பாடிக்குப் போனார். பெட்டி பரணில் கிடந்தது. சர்புவின் வலது கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கி, அப்படியே எலும்பு கூடிப் போயிருந்தது. மகளையும் பெட்டியையும் கையோடு அழைத்து வந்துவிட்டார். தம்பி என்னிடம் வந்து என்ன சொன்னான் தெரியுமா? "ராத்திரியெல்லாம் அந்தப் பொட்டி கத்திக்கிட்டே இருந்துச்சி லாத்தா. ஒரே சத்தம். நானும் எத்தினி நாளு பொறுத்துப்பேன்?" எந்தச் சத்தம் என்று கேட்டேன். வாயாலேயே செய்து காட்டினான். வலிக்கு வைத்த முத்துப் பொத்தான். அதை அவள் விரல் தானாக விழுகிற இடத்தில் வைத்தது நான்தான்.

மாமியார் பெட்டியைப் பொன்னுரங்கத்திடம் அனுப்பினார். அவர் திறந்து பார்த்துவிட்டு, "ஏழாவது ஒயரு அறுந்துபோனது இல்லம்மா, கத்தரிச்சது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கத்தரித்தது நான். நிக்காவுக்கு முந்தின நாள் அசர் தொழுகை முடிந்ததும், மருதாணி காயட்டும் என்று அவள் ரெண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள். பெட்டியைத் துடைத்து வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். சட்டைக்குக் காஜா வெட்டுகிற கத்தரியின் முனையால் திருகாணியைத் திறந்தேன். உள்ளே சிவப்பு ஒயர், நூல் மாதிரி மெலிசு. ஒரே வெட்டு. பொத்தானை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். ஆறு பொத்தான் பெட்டிதான் நான் முதலில் வரைந்தது, அதைத்தானே திரும்பக் கொண்டுவந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரைக்கு வெளியே உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நீங்கள் முதல் தடவை கேட்டதும், முக்காட்டுக்குள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பொத்தான் தகட்டில் படுகிற சத்தம். ரெண்டாவது தடவை டிக், டிக் என்று. மூன்றாவதுக்கு விடாமல் அழுத்தினாள். அடுத்த பொத்தானை அவள் தேடுகிறாள் என்று தெரிந்ததும், ஆறுதல் சொல்கிற மாதிரி அவள் கையை என் கைக்குள் மூடிக்கொண்டேன். அவள் முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இப்படியும் அப்படியும். நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகு நீங்கள் போய்விட்டீர்கள், வெளியே ஃபாத்திஹா ஓதினார்கள்.

ஆகவே அவள் சம்மதிக்கவில்லை, மாமா. அந்த நிக்கா செல்லாது. எழுதிக்கொள்ளுங்கள். தம்பி இனி என் வாசல்படி மிதிக்க மாட்டான், உம்மாவும் என் முகத்தில் விழிக்க மாட்டார். என் வீட்டுக்காரரிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வலது கட்டைவிரல் இனி அவளுக்கு உதவாது. இடது கைக்கு ஏற்ற மாதிரி அட்டையில் புதிதாக வரைந்தேன். பொன்னுரங்கம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் செய்து கொடுத்தார். சௌந்தரம் காபி கொண்டுவரவில்லை. இந்தப் பெட்டியில் கறுப்புப் பொத்தான்தான் எல்லாவற்றிலும் பெரியது, விரல் தானாகப் போய் விழுகிற இடத்தில் இருக்கிறது. ஒயரை நானே இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது.

இன்று காலையில் மாடிக்குப் போய் அதை அவள் இடது கையில் வைத்தேன். எல்லாவற்றையும், உங்களிடம் இப்போது சொன்ன மாதிரியே, ஒன்று விடாமல் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். விரலைக் கறுப்புப் பொத்தானின் மேல் கொண்டுபோனாள், அழுத்தவில்லை. சரி என்கிற பொத்தான் பக்கமும் போகவில்லை. பெட்டியைப் பாயில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் படியிறங்கும் முன் கேட்டேன்:

"நீதான் எதையும் அழுத்தலியே சர்பு, சம்மதம்னே எடுத்துக்கட்டுமா?"