முதல் கருது போட்ட கை

எனக்கு இரைச்சல் ஆகாது, ஏட்டையா. மற்றபடி என்னால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. காளியண்ணன் பண்ணாடியின் களத்துக்கு இருபது வருஷமாக நான்தான் காவல்காரன். சென்றாயன் என்றால் ராசிபுரம் சந்தை வரைக்கும் தெரியும். புளுகன் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

மக்காச்சோளக் கருதை அறுத்துக் களத்தில் கொட்டினால், பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டைவிரலால் மணியை உதிர்ப்பார்கள். ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் முழுக்க நான் கதை சொல்வேன். கொல்லிமலைக் கரடி இறங்கிவந்து என்னிடம் மூக்குப்பொடி கேட்ட கதையை மட்டும் எட்டு நாள் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பத்துப் பேரில் ஆண்டியின் பெண்சாதி குஞ்சம்மாள்தான் முதலில் சிரிப்பாள். அவள் சிரித்தால் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். அதற்காக அவளைப் பற்றியும் ஒன்று கட்டிவிட்டேன். அவள் கை பட்டதும் ஒரு வறட்டுப் பசு கன்று போடாமலே ஏழு நாள் கறந்தது என்றேன். ஊர் அதைப் பாதி நம்பியது. கைராசிக்காரி என்று விதை எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த வருஷம் பண்ணாடி சேலத்திலிருந்து மணி உதிர்க்கிற எந்திரம் ஒன்று வாங்கிவந்தார். ஆயில் எஞ்சினோடு பெல்ட் மாட்டி ஓட்டினால், மேலே போட்ட கருது பல் சக்கரத்தில் மாட்டி, மணி ஒரு பக்கமும் சக்கை ஒரு பக்கமுமாக விழும். ஒரு மாத வேலை பத்து நாளில் முடியும். பெண்களுடைய கூலி போய்விடுமே என்றுதான் நான் இதைச் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். புடைக்கவும் மூட்டை பிடிக்கவும் பண்ணாடி அவர்களை அதே கூலிக்கு வைத்துக்கொண்டார் என்பதும் உண்மைதான். இனி விரல் புண்ணாகாது என்று அவர்கள் சந்தோஷப்பட்டதும் உண்மைதான். ஆனால் எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடக் காதில் விழாது. என் கரடி வாயைத் திறந்தபடி நாலு நாள் மலையடிவாரத்திலேயே நின்றது.

ஆயுதபூசைக்கு முதல் நாள், எஞ்சின் நின்றிருந்த நேரத்தில், இந்த எந்திரம் மனுஷ ரத்தம் கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். கதைக்குச் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். இது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

"எந்திரத்துக்குப் பொடி வேணுமான்னு கேட்டுப்பாருங்க மாமா" என்றாள் குஞ்சம்மாள்.

பூசையன்று எந்திரத்துக்குச் சந்தனம் பூசுகிற வேலை எனக்கு. கருது போடும் வாயில், கை சக்கரம் வரை போகாதபடி ஒரு தகரக் கூடு உண்டு. நாலு திருகாணியில் நிற்கும். மூன்றைக் கழற்றிவிட்டு, ஓட்டைகளைச் சந்தனத்தால் அடைத்துக் குங்குமம் வைத்தேன். லட்சணமாக இருந்தது. மறுநாள் விஜயதசமிக்கு எஞ்சினை மறுபடி கிளப்பும்போது பண்ணாடிதான் முதல் கருதைப் போடுவார் என்று நினைத்திருந்தேன். நாற்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு விரல் நுனி குறைந்தால் என்ன.

மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டுப் பண்ணாடி திரும்பினார். "குஞ்சம்மா, உன்ற கைராசியத்தான் சென்றாயன் ஊரெல்லாஞ் சொல்றானே. மொதக் கருத நீயே போடு சாமி."

கற்பூரம் அணைய நேரம் இருந்தது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பவும் நேரம் இருந்தது. அவள் கருதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங் மாமா, இன்னிக்குக் கதை ஒன்னும் அளக்கலீங்களா?"

வாயைத் திறந்தேன். ஆணியைப் பற்றிச் சொன்னால், எந்திரம் ரத்தம் கேட்கிறது என்ற பேச்சும் என் புளுகுகளில் ஒன்றாகப் போய்விடும். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதில் மெய்யாகப் போவது அது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டேன்.

எஞ்சின் உலுக்கியதும் கூடு சரிந்தது. அவள் கை மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. எஞ்சினை நிறுத்திய பிறகு களத்தில் நல்ல அமைதி.

எஞ்சின்காரன் அப்புசாமியைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம், விட்டுவிடுங்கள். மூன்று ஆணியும் என் மூக்குப்பொடி மட்டைக்குள்தான் இருக்கின்றன.

இப்போது எந்திரம் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. பெண்கள் மறுபடியும் வட்டமாக உட்கார்ந்து கையால் உதிர்க்கிறார்கள். குஞ்சம்மாளின் இடத்தை மட்டும் விட்டு உட்காருகிறார்கள். நேற்றுக் கரடிக் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தித்தான் சொன்னேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. எந்திரம் ஓடியது நாலே நாள்தான். மிச்சமிருக்கிற ஒன்பது பேர் காதையும் அந்த எந்திரம் கெடுத்துவிட்டிருக்கிறது, ஏட்டையா.