கிருபாவின் வெள்ளைக் கவுன்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே வீட்டை ஒழித்து வைத்துவிட வேண்டும், போதகர் ஐயா. தள்ளிப் போட்டால் எறும்பு வந்துவிடும். முறுக்கு டின்னைக் கழுவிக் கவிழ்ப்பது, பலகாரம் வந்த தட்டுகளை அவரவர் வீட்டில் சேர்ப்பது, காகிதத் தோரணத்தைக் கிழியாமல் சுற்றி வைப்பது என்று தலைக்கு மேல் வேலை இருக்கும். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் என் வீடுதான் முதலில் சுத்தமாகும். நீங்களே ஒருமுறை அதைப் பிரசங்கத்தில் சொன்னீர்கள்.

போன டிசம்பரில் மட்டும் எனக்குக் கை ஓடவில்லை. என் மகள் கிருபாபாய் முப்பத்தொன்றாம் வருஷம் ஏப்ரலில் பெரியம்மையில் போனாள். ஏழு வயது. அம்மை குத்துகிறவர் வந்த அன்று அவளுக்குச் சளி. அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவரை நான்தான் திருப்பி அனுப்பினேன். ஈஸ்டருக்குத் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டே ஆக வேண்டும் என்று படுக்கையில் அழுதாள். போட்டுவிட்டேன். கடைசி இரண்டு நாளும் அதில்தான் கிடந்தாள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ரங்கையா வந்து பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். பொறுமையான மனிதர். தெலுங்கும் தமிழும் கலந்து விளக்கிச் சொன்னார். "அம்மா, பொருக்கு உதிர்ந்த துணியில நோய் மாசக்கணக்கா உக்காந்திருக்கும். ஒக்க துண்டு கூட வெச்சிக்காதீங்க" என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். கவுனை மட்டும் அதற்கு முன்பே தகரப் பெட்டியில், கலியாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் நேசகுமார் பாகாலா ஜங்ஷனில் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும். பண்டிகைக்கு வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிருபாவின் சிலேட்டும் மரப்பாச்சியும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"எல்லாத்தையும் எடுத்துக் குட்த்துடு தபீதா. கண்ணு முன்னாடி வெச்சிக்கினு எத்தினி நாளு இப்டியே இருப்ப?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் மேல் பழி போட நான் இங்கே வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் நம் சபைப் பெண்கள் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளுக்குச் சிறிதாய்ப் போன துணிகளை ஏழை வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். புது வருஷ ஆராதனைக்கு ஒரு பிள்ளையும் கிழிசலோடு வரக்கூடாது. சவுக்காரம் போட்டுக் கொதிக்க வைத்த துணியைத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் என்றும் மீறியதில்லை. அன்றும் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கவுனை முக்கப் போனபோது கழுத்துப் பக்கத்திலிருந்து கிருபாவின் வாசனை வந்தது. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. கொதிக்க வைத்தால் அது போய்விடும். கறைகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். அடுப்பில் கொதித்த தண்ணீரில் முறுக்கு டின்களைக் கழுவினேன்.

செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிற ரத்தினம்மாவின் மகள் எஸ்தர், கிருபாவின் உயரம், கிருபாவைப் போலவே ஒல்லி. அம்மை குத்தினால் காய்ச்சல் வரும் என்று பயந்து ரத்தினம்மா அவளுக்குக் குத்த விடவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் ரத்தினம்மா விவரமானவள். கவுனைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டாள்.

"கொயந்த போட்டுக்கினு இருந்ததா அக்கா? கொதிக்க வெச்சியா?"

"ரெண்டு வாட்டி வெச்சேன்."

"தப்பா நெனைக்காத. கேக்கணும்னு தோணிச்சி."

"இன்னாத்துக்குத் தப்பா நெனைக்கப் போறேன்" என்றேன்.

புது வருஷக் காலையில் நான் கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எஸ்தர் காணிக்கை போட முன்னால் போனாள். முதுகில் கட்டிய நாடா, நான் ஒரு பக்கம் தூக்கலாகத் தைத்துவிட்ட கீழ்மடிப்பு. என் கிருபா கோவிலுக்குள் நடந்து போனாள், ஐயா. எஸ்தர் திரும்பி வரும்போது முகம் தெரிந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் செய்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒன்பது மாதத்தில் அன்றுதான் என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. அடுத்த ஞாயிறும் அதையே போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சொன்னபடி வந்தாள்.

பதின்மூன்றாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால் நான் பயமில்லாமல் போய்ப் பார்த்துக்கொண்டேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியுமே. "கர்த்தரே உன்ன அனுப்பிச்சாரு அக்கா" என்று ரத்தினம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த எஸ்தர் ஒரு மத்தியானம் "அம்மா" என்று கூப்பிட்டாள். ரத்தினம்மா பக்கத்திலேயே இருந்தாள். ஆனாலும் நான்தான் "இன்னா கண்ணு" என்றேன். இருபத்தைந்தாம் தேதி அவள் போய்விட்டாள். சூளை வரிசையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் போயின.

திருப்பதிக்குப் போகிற யாத்திரைக்காரர்கள் யாரோ நோயைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. தெரிந்தே கொடுத்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். அந்த மூன்று பிள்ளைகளும் என் கையால் செத்தார்கள். என்னைச் சபையை விட்டு விலக்குங்கள், போலீசில் சொல்லுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் நான் வந்தது அதற்காக மட்டுமில்லை. எஸ்தருக்கு வேறு நல்ல துணி இல்லையென்று ரத்தினம்மா அந்தக் கவுனையே போட்டு அடக்கம் பண்ணிவிட்டாள். நான் குழிக்குள் இறங்கப் போனேன். துக்கம் தாளாமல் விழப் போகிறேன் என்று நினைத்து நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். நீங்களும் பார்த்தீர்கள். கல்லறைத் தோட்டத்தின் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? ஒரு மணி நேரம் போதும், ஐயா. கழுத்துப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறேன். மிச்சக் கவுன் அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும். ஒரு குழந்தையிடமிருந்து முழுவதையும் பறித்துக்கொள்ளும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.