ஒன்பது மூட்டை

மாமா: ...பிடிச்சுட்டேன் மச்சான், பிடிச்சுட்டேன். வாசப்படியில இருந்து கேட் வரைக்கும் ஒன்பது அடி காட்டுது.

தம்பி: டேப் தொய்யுது மாமா. நடுவுல வயிறு விழுந்திருக்கு பாருங்க.

மாமா: டேப்புக்கா, எனக்கா?

தம்பி: ரெண்டு பேருக்கும்தான். இழுத்துப் பிடிங்க.

மாமா: இது மூணாவது தடவை. முதல்லயும் ஒன்பது, ரெண்டாவதும் ஒன்பது. இன்னும் அளந்தா வீடு பயந்துபோய் தள்ளி நிக்கப் போகுது.

தம்பி: நிக்கட்டும். எழுதிக்கோங்க. நீளம் ஒன்பது அடி, அகலம் நாலு.

மாமா: வீல்சேர் ரெண்டேகால் அடிதானே? எதுக்கு நாலு?

தம்பி: சேர் மட்டுமா போகுது? பக்கத்துல ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டே நடக்கணும். அம்மா வேற கையை வெளிய நீட்டிக்கிட்டு வருவாங்க. சக்கரம் ஓரத்துப் பக்கமே வரக்கூடாது மாமா. ஓரம்னாலே...

மாமா: ...ம்.

தம்பி: உயரம் சொல்லுங்க. தரையில இருந்து படியோட மேல் மட்டம் வரைக்கும்.

மாமா: ஒன்பது இஞ்ச். முக்கால் அடி. குடு குடு, இதையாவது நான் கணக்குப் போடுறேன். ஒன்பது நாலு முப்பத்தாறு... அதுல முக்கால்... இருபத்தேழு கன அடி. ஒரு மூட்டைக்கு எவ்வளவு வரும்?

தம்பி: இது நாப்பது கிலோ மூட்டை. சிமென்ட், மணல், ஜல்லி எல்லாம் உள்ளயே கலந்திருக்கும், தண்ணி மட்டும் ஊத்தணும். மூணு மூட்டை குழைச்சா ரெண்டு கன அடி நிக்கும்.

மாமா: அப்போ நாப்பது மூட்டை. சொச்சம் அரை.

தம்பி: நீங்க பெட்டிக்குக் கணக்குப் போட்டுட்டீங்க. இது சரிவு மாமா. வாசல்ல ஒன்பது இஞ்ச், கேட்டுக்கிட்ட ஒண்ணுமில்ல. பெட்டியை மூலைக்கு மூலை அறுத்த மாதிரி. பாதிதான் வரும்.

மாமா: அட ஆமா. இருபது. பாதி வேலை மிச்சம்.

தம்பி: எங்க மிச்சம்? அப்படியே மண்ணு மேல ஊத்தினா கேட் பக்கம் தாள் மாதிரி மெலிஞ்சு கிடக்கும். அடியில நாலு இஞ்ச் தோண்டி, மண்ணை நல்லா இடிச்சு, அதையும் சேத்து நிரப்பணும். அதுக்குப் பதினெட்டு. ஆக முப்பத்தெட்டு. சிந்தினது சிதறினதுக்கு ஒரு நாலு. நாப்பத்திரண்டு.

மாமா: நான்தான் நாப்பதுன்னு சொன்னேனே.

தம்பி: நீங்க வழி தப்பிப் போய் ஊர் சேர்ந்தவரு.

மாமா: சேர்ந்தேனா இல்லையா?

அக்கா: என்னங்க... டீ இங்க வச்சிருக்கேன். ரெண்டு டம்ளர்.

தம்பி: குடு அக்கா.

அக்கா: வலது பக்கம் இருக்கிறதுல சர்க்கரை அரை ஸ்பூன்தான். சொல்லிடுங்க.

மாமா: யார்கிட்ட சொல்ல? அவன் உனக்கு மூணு அடி தள்ளித்தானே நிக்கிறான். வேணும்னா டேப் வச்சு அளந்து காட்டுறேன்.

அக்கா: உங்ககிட்ட சொன்னேன். போதும். அடுப்புல வேலை இருக்கு.

மாமா: ...போயிட்டா.

தம்பி: விடுங்க. அரை ஸ்பூன் ஞாபகம் வச்சிருக்குல்ல. வாய்தான் பேசல, கை பேசுது.

மாமா: எட்டு வாரம் ஆச்சு மச்சான்.

தம்பி: சின்ன வயசுல ஒரு தடவை அதோட பேனா முள்ளை உடைச்சுட்டேன். மூணு மாசம் பேசல. சாப்பிடக் கூப்பிடணும்னாகூட பக்கத்து வீட்டுப் பூனையைப் பாத்து, "சில பேருக்குப் பசிக்கலையான்னு தெரியல"ன்னு சொல்லும்.

மாமா: இப்போ அந்தப் பூனை வேலை எனக்கு.

தம்பி: சம்பளமில்லாத உத்தியோகம்.

மாமா: சிரிக்காதடா... எனக்குச் சிரிப்பு வரல.

தம்பி: டீ ஆறுது, குடிங்க. மூட்டை நாளைக்குக் காலையில வந்துடும். நாளைக்குத் தோண்டிடலாம், நாளன்னைக்கு ஊத்திடலாம். அப்புறம் ஒரு வாரம் தண்ணி விடணும், யாரும் கால் வைக்கக் கூடாது. அம்மா வர்றதுக்குப் பத்து நாள் இருக்கு. சரியா இருக்கும்.

மாமா: நாப்பத்திரண்டு மூட்டையை நாம ரெண்டு பேருமே குழைச்சிட முடியுமா?

தம்பி: எங்கிட்ட கலக்குற மிஷின் இருக்கு, கொண்டாரேன். நீங்க தண்ணி ஊத்தினா போதும். இந்தத் தடவை நீங்க மூட்டை தூக்க வேண்டாம்.

மாமா: ஏன் அப்படிச் சொல்ற?

தம்பி: முதுகு பிடிச்சுக்கும்னுதான் சொன்னேன். வேற என்ன?

மாமா: மச்சான்... பின்பக்கம் அந்தத் தளம் இருக்கில்ல.

தம்பி: துணி காயப்போடுற தளமா? அதை இன்னும் உடைச்சு எடுக்கலையா?

மாமா: அப்படியேதான் கிடக்கு. அத்தை விழுந்ததுல இருந்து யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. உங்க அக்கா துணியெல்லாம் கூடத்துலயே காயப்போடுறா. எனக்கு மட்டும் போகாமலும் இருக்க முடியல. காலையில பல் விளக்கிக்கிட்டே போய் நிப்பேன். உடைஞ்ச ஓரத்தைப் பாப்பேன். திரும்பி வந்துடுவேன்.

தம்பி: அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?

மாமா: நீ பாத்தியா?

தம்பி: ...பாத்தேன்.

மாமா: எப்போ?

தம்பி: அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்குச் சாயந்தரம், மாத்துச் சேலை எடுக்க வந்தேன்ல. அப்போ.

மாமா: ஓரம் எவ்வளவு கனம் இருந்துச்சுன்னு...

தம்பி: ஒன்றரை இஞ்ச். ஒன்பது மூட்டைன்னா ஓரத்துக்கு அவ்வளவுதான் மிஞ்சும். தப்பு என்னுது. ஆறடிக்கு நாலடி இடம். வந்து பாக்காம போன்லயே ஒன்பதுன்னு சொல்லிட்டேன். முடிஞ்சு போன கதை. அந்த மூலையைப் பிடிங்க, கயிறு கட்டிடலாம்.

மாமா: நீ போன்ல...

தம்பி: மாமா, கயிறு.

மாமா: இல்ல, நீ அன்னைக்கு என்ன சொன்னேன்னு உனக்கு நெஜமாவே ஞாபகம் இருக்கா?

தம்பி: மெதுவா பேசுங்க. சமையல்கட்டு ஜன்னல் திறந்திருக்கு.

மாமா: திறந்திருக்கட்டுமே.

தம்பி: ஐயோ, என்ன மாமா நீங்க... நான் வருத்தப்படுறது வேற ஒண்ணுக்கு. அம்மா எனக்கு மூணு தடவை போன் பண்ணாங்க. "நீயே வந்து போட்டுக் குடுடா, மாப்பிள்ளை பாவம், அவருக்குப் பழக்கமில்லாத வேலை"ன்னு. ஊர் முழுக்க யார் யாருக்கோ படி கட்டுறேன், தளம் போடுறேன். சொந்த அக்கா வீட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்க முடியல. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுத்துட்டு, கடைசியில ஒரு நம்பரைச் சொல்லிக் கையைக் கழுவிட்டேன். வந்திருந்தா அரை நாள் வேலை மாமா. அம்மா இன்னைக்கு நடந்துக்கிட்டு இருப்பாங்க.

மாமா: அப்படிப் பேசாதே.

தம்பி: உள்ளதைத்தானே சொல்றேன்.

மாமா: உள்ளது அது இல்லடா...

அக்கா: என்னங்க. ஆஸ்பத்திரியில இருந்து இப்போதான் போன் வந்துச்சு.

மாமா: என்னவாம்? அத்தைக்கு ஒண்ணும்...

அக்கா: நேத்து ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சு நிக்க வச்சாங்களாம். பத்து எண்ணுறதுக்குள்ள கால் மடிஞ்சிடுச்சாம். இனிமே நடக்கிறது கஷ்டம், சேர்லயே பழகிக்கச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

தம்பி: ...அம்மாகிட்ட சொல்லிட்டாங்களா அக்கா?

அக்கா: அம்மாகிட்டயும் சொல்லிட்டாங்களாம். "சரிங்க, உக்காந்துக்கிட்டே செய்யற வேலை எத்தனையோ இருக்கு"ன்னு சொன்னாங்களாம். நர்ஸம்மா சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்குத்தான் சிரிக்க முடியல.

மாமா: வா, இப்படி உக்காரு.

அக்கா: உக்கார எல்லாம் வரல. எத்தனை மூட்டைன்னு முடிவு பண்ணியாச்சான்னு கேக்க வந்தேன்.

தம்பி: நாப்பத்திரண்டு அக்கா. மூணு தடவை அளந்துட்டேன்.

அக்கா: இந்தத் தடவையாவது அது சரியா இருக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க. போன தடவையும் இப்படித்தான் ஒன்பதுன்னு அடிச்சுச் சொன்னாரு கொத்தனாரு. இருபது வருஷமா இதே தொழில். பெத்த தாய் நடக்கிற இடம்னு தெரிஞ்சும் வாய்க்கு வந்ததைச் சொன்னாரு.

தம்பி: சரியா இருக்கும் அக்கா.

அக்கா: இனி சரியா இருந்து என்ன? சரியில்லாததுக்குத்தானே இந்தச் சரிவு.

மாமா: போதும்.

அக்கா: ஏன் போதும்? நான் கேக்கக் கூடாதா? அவங்க எனக்கும்தான் அம்மா.

மாமா: அவனைக் கேக்காதேன்னு சொல்றேன்.

தம்பி: மாமா, வேண்டாம். கயிறைக் குடுங்க.

மாமா: கயிறும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீ சும்மா இரு. இங்க பாரு... அவன் ஒன்பதுன்னு சொல்லல.

அக்கா: என்ன?

மாமா: பதினாலு. உன் தம்பி பதினாலுன்னுதான் சொன்னான். பன்னெண்டு வரும், ரெண்டு கூட வச்சுக்கோங்கன்னான். நானும் பதினாலு மூட்டை வாங்கி வந்தேன்.

அக்கா: அப்போ ஒன்பதுன்னு...

மாமா: ஒன்பதுதான் குழைச்சேன். பாதித் தளம் அவன் சொன்ன கனத்துல போட்டேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. மழை வேற கருத்துக்கிட்டு வந்துச்சு. மீதிப் பாதியில தோண்டின மண்ணையே திரும்ப அள்ளிக் கொட்டி மேடாக்கிட்டு, மேலாக்கப் பூசின மாதிரி ஊத்தி மட்டம் பண்ணிட்டேன். இடிக்கக்கூட இல்ல. மேல இருந்து பாத்தா எதுவும் தெரியல.

அக்கா: நான் வந்து பாத்தேனே.

மாமா: பாத்தே. "கண்ணாடி மாதிரி போட்டிருக்கீங்களே, பரவாயில்லையே"ன்னு சொன்னே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் கை வேலையை நீ மெச்சினது அன்னைக்குத்தான். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் உடைச்சுட்டு மறுபடி போட்டுடலாம்னு நெனச்சேன். அடுத்த வாரம் வந்துச்சு, போச்சு. மழைத் தண்ணி ஓடி ஓடி அடியில மண்ணெல்லாம் கரைஞ்சிருக்கு.

அக்கா: மிச்சம் அஞ்சு மூட்டை எங்க?

மாமா: பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வச்சேன். ஈரம் பட்டுக் கல்லா இறுகிடுச்சு. நீ வேலைக்குப் போயிருந்தப்போ தூக்கிப் போட்டுட்டேன்.

அக்கா: விழுந்த அன்னைக்குக் கேட்டேனே உங்ககிட்ட. இவ்வளவு மெலிசா யார் கணக்குன்னு கேட்டேனே.

மாமா: "உன் தம்பி சொன்னபடிதான் போட்டேன்"னு வாயில வந்துடுச்சு. வந்ததைத் திரும்ப முழுங்கத் தெரியல. எட்டு வாரமா தினமும் சொல்லணும்னு நெனைக்கிறேன். நீ அவனைப் பேசும்போதெல்லாம் கல்லு மாதிரி நின்னேன். எனக்கு என்ன தண்டனைன்னு நீயே சொல்லு.

அக்கா: உங்ககிட்ட அப்புறம் பேசுறேன். டேய்... தலையைக் குனியாதே. என்னைப் பாரு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உன் முகத்துக்கு நேரா நின்னு கேட்டேனே, ஒன்பதுன்னு நீயா சொன்னேன்னு. ஆமான்னு தலையாட்டினியே. எத்தனை பேர் முன்னாடி என்னென்னமோ சொன்னேன்... ஒரு வார்த்தை, இல்ல அக்கான்னு உனக்குச் சொல்ல வரலையா?

தம்பி: நான் வந்து போடாதது தப்புதானே அக்கா. அதனால அந்தப் பழி எனக்கு முழுப் பொய்யாவும் தோணல.

அக்கா: மழுப்பாதே. அதுக்காக மட்டும் எட்டு வாரம் வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆள் இல்ல நீ. யாரு உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது? இவரா?

தம்பி: மாமா இல்ல... அம்மா. ஸ்ட்ரெச்சர்ல உள்ள தள்ளிட்டுப் போகும்போது என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. "தார்ப்பாய்க்கு அடியில அஞ்சு மூட்டை கிடந்ததை நான் மறுநாளே பாத்துட்டேன்டா... மாப்பிள்ளை வீட்டுல இருந்துக்கிட்டு அவரையே எப்படிக் கேக்குறதுன்னு வாயை மூடிக்கிட்டேன்... அந்த ஓரத்துல கால் வைக்காமத்தான் நடப்பேன், இன்னைக்கு மழை வந்த அவசரத்துல துணியை எடுக்க ஓடிட்டேன்... உங்க அக்கா கேட்டா தப்பு உன்னோடதுன்னு சொல்லிடு. தம்பி மேல கோவம்னா என்னைக்காவது ஆறிடும், புருஷன் மேல வந்தா அவ ஆற மாட்டா... எனக்காக வாங்கிக்கோடா"ன்னு சொன்னாங்க அக்கா.