பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஐயா,

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் பதினொரு வருடமாகப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலியிலிருந்து என்னை யாரும் எழுப்பவில்லை. இந்த வாக்குமூலத்தையும் எழுத வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், நானே எழுதித் தருகிறேன். மற்றவர்கள் எழுதினால் படிக்கிற உங்களுக்குத்தான் கண் வலிக்கும்.

எங்கள் ஸ்டேஷனுக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். இருப்பவர்கள் பத்தொன்பது. அதிலும் இரண்டு பேர் கோர்ட்டில், ஒருவர் சம்மன் கொடுக்க, நான்கைந்து பேர் எப்போதும் எங்கேயாவது பந்தோபஸ்தில். இன்ஸ்பெக்டர் பணியிடம் ஐந்து மாதமாகக் காலி. கூடுதல் பொறுப்பில் இருப்பவர் வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாற்பத்தெட்டு என்பதே இங்கே நெல் விளைந்த காலத்தில் முடிவு செய்தது. இப்போது எங்கும் கம்பெனிகள், ஒரே ஒரு ஹாஸ்டலில் வேலைக்கு வந்த இரண்டாயிரம் பெண்கள் தங்குகிறார்கள். ஜீப் ஒன்று, டிரைவர் ஒருவர். நான் குறை சொல்லவில்லை. இருப்பதை வைத்து ஓட்டுவதுதான் ரைட்டர் வேலை. நான் போட்ட டியூட்டியை யாரும் குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஸ்டேஷனுக்கு வரக்கூடாத ஒன்று, அடையாளம் தெரியாத பிரேதம். உங்களுக்குத் தெரியாததில்லை. இரண்டு காவலர்கள் மார்ச்சுவரி வாசலில் காத்திருக்க வேண்டும். டாக்டர் வர வேண்டும், சொந்தக்காரர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் அடக்கமும் நாமே செய்ய வேண்டும். இரண்டு பேர், மூன்று நாள். அந்த மூன்று நாளும் உயிரோடு இருப்பவர்கள் போன் செய்தால் போவதற்கு ஆள் இருக்காது.

மார்ச் மாதம் அப்படித்தான் நடந்தது. வடக்குப்பட்டிலிருந்து நிலா என்ற பெண் காலை பதினோரு மணிக்குப் போன் செய்தாள். புருஷன் குடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு அடிக்கிறான் என்றாள். என் ஆட்கள் இரண்டு பேர் மார்ச்சுவரியில் இருந்தார்கள். “ஆள் வந்ததும் அனுப்புதேம்மா, பயப்படாத” என்றேன். நான் தெற்கத்திக்காரன், பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிடும். மறுபடி பன்னிரண்டரைக்குப் போன் செய்தாள், பேசவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஆள் போனபோது மணி மூன்று. ஒரு பிணத்துக்குக் காவல் இருந்ததால் ஒரு பெண் பிணமானாள். அதன் பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி அப்படி நடக்க விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் லிமிட் மேற்கே ஒரு சிறிய பாலத்தோடு முடிகிறது. ஏரிக் கால்வாய் மேல் கட்டிய பாலம், பதினைந்து அடிகூட இருக்காது. அந்தப் பக்கம் பக்கத்து ஸ்டேஷன். இந்தப் பக்கம் கிடக்கிற பிரேதத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவது எனக்கு முன்பே இருந்த பழக்கம். அவர்களும் எங்களுக்குச் செய்திருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் நம் பக்கம் ஒரு பிரேதம், சட்டையெல்லாம் அந்தப் பக்கத்துச் செம்மண். யாரும் யாரையும் கேட்டதில்லை. செத்தவருக்கு அதில் என்ன நஷ்டம் என்று நானும் நினைத்தேன்.

சித்திரை மாதம், உடையவர் கோயில் உற்சவம். இரண்டு ஸ்டேஷன் ஆட்களும் ஸ்ரீபெரும்புதூரில் பந்தோபஸ்தில் இருந்தார்கள். எங்கள் ஸ்டேஷனில் நான், வாசல் காவலுக்குப் பாரா டியூட்டியில் காவலர் சின்னப்பையன், டிரைவர் காசிராஜன், மூன்றே பேர். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு லாரிக்காரர் போன் செய்து, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அடிபட்டுக் கிடக்கிறான், அடித்த வண்டி நிற்கவில்லை என்றார். நானும் காசிராஜனும் போனோம். கம்பெனிகளில் முதல் ஷிப்ட் போய்விட்டது, இரண்டாவது ஷிப்ட் உள்ளே போய்விட்டது. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் காக்கா கூடப் பறக்காது. ரோட்டுக்குக் கீழே காய்ந்த புல்லில், நம் பக்கம், பாலத்துக்கு முப்பதடி முன்னால் கிடந்தான். நீலச் சட்டை. பாக்கெட்டில் துண்டுச் சீட்டுகூட இல்லை, செல்போனைக் காணோம்.

முதல் விசாரணையில் ‘பிரேதத்தைக் கண்டோம்’ என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

“ரைட்டர் சார், மூச்சு கீது சார்” என்றார் காசிராஜன். “நூத்தியெட்டுக்குப் போன் போட்ரட்டா?”

“கொஞ்சம் பொறுங்க காசி.”

நான் யோசித்தேன். ஆம்புலன்ஸை அழைத்தால் இடமும் நேரமும் என் நம்பரும் பதிவாகும். இடம் நம் லிமிட். கூட ஒருவர் போக வேண்டும். சென்னைக்கு அனுப்பினால் சென்னைக்கும் போக வேண்டும். அங்கே செத்தால் மறுபடி இரண்டு பேர், மூன்று நாள். இடது கால் தொடையில் உடைந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பிழைக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. நான் டாக்டர் இல்லை, ஆனால் நிறையப் பார்த்தவன்.

அவன் கண்ணைத் திறந்து, “அண்ணே, தண்ணி” என்றான். என் பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தேன். இதைப் பதிவு செய்யுங்கள், தண்ணீர் கொடுத்த பிறகுதான் தூக்கினோம்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிரலாம் காசி” என்றேன்.

“இன்னா சார் இது, உசுரோட கீறான் சார்” என்றார் காசிராஜன்.

“நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனா ஜீப்பை யாரு ஓட்டுறது? இன்னிக்கு ஒரு நிலா போன் செஞ்சா நான் நடந்தா போவேன்?”

மார்ச்சில் நிலாவின் பிரேதத்தை ஜீப்பிலிருந்து இறக்கியவர் அவர்தான். கால்பக்கம் அவர் பிடித்தார், தோள்பக்கம் நான். பாலத்தைத் தாண்டும்வரை அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறோம் என்று நினைத்திருப்பான். அந்தப் பக்கம் படுக்க வைத்து, கைகளைப் பக்கவாட்டில் நேராக வைத்தேன்.

பிறகு பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ. ஜெபகுமாருக்குப் போன் செய்தேன். “ஐயா, பாலத்துக்கு அந்தப் பக்கம், உங்க லிமிட்ல ஒரு பாடி கெடக்கு.”

“உற்சவத்துல மாட்டிக்கினு இருக்கேன் ரைட்டரே, ஒரு ஆள் கூட இல்ல. சாமி திரும்பட்டும், வர்றேன். பாடிதானே, எங்க போயிடப் போவுது.”

சரி என்றேன். அவர் வந்தபோது மணி ஐந்தே கால். நாலரை மணி சுமாருக்கு உயிர் போயிருக்கும், முதல் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பிரேதத்தின் வலது கை கண்ணை மறைத்திருந்தது என்று ஜெபகுமார் சொல்லியிருக்கிறார். மேற்கு வெயில் நேரே முகத்தில் அடித்திருக்கும். நான் கையை அப்படி வைக்கவில்லை.

அன்று ஏழு மணிக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு ஸ்டேஷனுக்கு வந்தார். பெயர் சத்யப்பிரியா, வடக்குப்பட்டில் வாடகை வீடு. கணவர் அன்பு ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி, முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரவில்லை.

“OT-ன்னா சொல்லிட்டுத்தான் சார் இருப்பாரு. போனும் போக மாட்டேங்குது” என்று செல்போனில் போட்டோவைக் காட்டினார்.

பார்த்தேன். மணிக்கட்டு வலிப்பது போல இருந்தது. “வந்துருவாரும்மா” என்று சொல்லிப் புகாரை நானே எழுதினேன். சட்டை நிறம் என்ன என்று கேட்க மறந்து நீலம் என்று எழுதிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து அடையாளம் தெரியாத ஆண் பிரேதம் என்று வந்த தகவலை ஃபைலில் வைத்தேன். இரண்டு நாள் ஆறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது.

நான்காம் நாள் காசிராஜன் அந்த வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாலத்தைத் தாண்டலாம் என்றது நான். பாடி என்றதும் நான். அன்புவைச் சாக விட்டவன் தலைமைக் காவலர் வனமாமலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அப்படி மிச்சம் பிடித்த இரண்டு பேரை வைத்து என்ன செய்தாய் என்று நேற்றுக் கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். காணாமல் போனவரைத் தேடச் சொன்னேன். சின்னப்பையனும் இன்னொரு காவலர் டில்லிபாபுவும் மூன்று நாள், காலையிலிருந்து இரவுவரை, வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு, தண்டலம் டீக்கடைகள், ஹாஸ்டல்கள், ஆஸ்பத்திரிகள் என்று போட்டோவைக் காட்டி அலைந்தார்கள். அன்புவின் பிரேதம் கிடந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் நானே போய்ப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி அவர்களை அனுப்பவில்லை. இத்தனை ஆள் பற்றாக்குறையிலும் அன்புவைத் தேடுவதில் எங்கள் ஸ்டேஷன் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதையும் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.